பதக்கம் யாருக்கு?

பட்டாளத்து அதிகாரி ஒருவர் சீருடையோடு நம் எதிரில் வந்து நின்றால், நம் கண் முதலில் எங்கே போகிறது? முகத்துக்குப் போவதில்லை. இடது மார்பில் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கும் வண்ண நாடாக்களுக்குத்தான் போகிறது. பார்த்து வியக்கிறோம். ஆனால் அந்த நாடாக்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பழைய கோயில் மதிலில் உள்ள கல்வெட்டைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, எவ்வளவு எழுத்து!" என்று வியந்துவிட்டுச் சுண்டல் வாங்கப் போகிறவனைப் போலத்தான் நாமும் இருக்கிறோம்.

லப்பைக்குடிக்காட்டுக் கடைத்தெருவில் ஒரு மாலை நேரத்தில் இந்தப் பேச்சு எழுந்தது. பத்திரிகையில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவருடைய படம் வந்திருந்தது. சிக்னல்ஸ் படைப்பிரிவில் நெடுங்காலம் இருந்தவர். மார்பில் நாடாக்களுக்கு இடமில்லை என்று சொல்லும்படி அத்தனை நாடாக்கள். என் நண்பர், பள்ளி ஆசிரியர், படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "சிக்னல் ஆபீசர்னா போன் போட்டுக் கொடுக்கிறவர்தானே சார்? துப்பாக்கி பிடிச்சவனுக்கு மெடல் கொடுத்தா நியாயம். இவருக்கு எதுக்கு இத்தனை?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தக் கேள்வி என்னைச் சில நாட்கள் விடாமல் பிடித்துக்கொண்டது. அது ஒரு படைப்பிரிவைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. கண்ணுக்குத் தெரிகிற செயலுக்குத்தான் பெருமையா, தெரியாமலே நடக்கிற செயலுக்கும் உண்டா என்ற கேள்வி அது. இன்னும் கொஞ்சம் தோண்டினால், பலர் சேர்ந்து செய்த காரியத்துக்கு ஒருவர் மார்பில் பதக்கம் குத்துவது எப்படி நியாயமாகும் என்ற கேள்வியும் அதற்கடியில் இருக்கிறது.

முதலில் அந்தக் கல்வெட்டைக் கொஞ்சம் படித்துக்கொள்வோம்.

நம் நாட்டுப் பதக்கங்களில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று வீரத்துக்கு உரியது. பரம்வீர் சக்கரம், மகாவீர் சக்கரம், வீர் சக்கரம் மூன்றும் 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், குடியரசு பிறந்த அன்றே ஏற்படுத்தப்பட்டவை. 1947 ஆகஸ்டு 15 முதல் செல்லுபடியாகும் என்று அப்போதே அறிவித்தார்கள். பரம்வீர் சக்கரம் இதுவரை 21 பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது. அவர்களில் 14 பேர் அதைக் கையில் வாங்க உயிரோடு இல்லை. போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு அசோகச் சக்கரம் என்று 1952இல் தனி வரிசை ஏற்பட்டது. காஷ்மீரில் 2014இல் உயிர் நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்குக் கிடைத்தது அதுதான். அந்தப் பெயரை அறியாத தமிழர் இன்று இருக்கமாட்டார்கள். இவையெல்லாம் பெரும்பாலும் ஒரு நாளுக்கு, ஒரு மணி நேரத்துக்கு, சில சமயம் ஒரே ஒரு நிமிஷத்துக்குக் கொடுக்கப்படுகிறவை. அந்த ஒரு நிமிஷத்தில் ஒருவன் என்ன செய்தான் என்பதே கணக்கு.

இரண்டாவது குடும்பம் சேவைக்கு உரியது. 1960ஆம் ஆண்டு ஜனவரியில் விசிஷ்ட சேவா பதக்கம் என்று மூன்று வகுப்புகளாக ஏற்படுத்தினார்கள். 1967இல் அவற்றுக்குப் பரம விசிஷ்ட சேவா, அதி விசிஷ்ட சேவா, விசிஷ்ட சேவா என்று பெயர் மாறிற்று. மூன்றுக்கும் மஞ்சள் நாடா. அதில் கருநீலக் கோடுகள். மேலானதற்கு ஒரே கோடு, அடுத்ததற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று. பெருமை ஏற ஏறக் கோடு குறைகிறது! இந்தப் பதக்கங்கள் ஒரு நிமிஷத்துக்கு உரியவை அல்ல. ஆண்டுக்கணக்கில் ஒருவர் தம் வேலையை எப்படிச் செய்தார் என்பதற்கு உரியவை.

இவ்விரண்டுக்கும் அப்பால், ஒரு போரில், ஓர் எல்லையில் இருந்த எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கும் பதக்கங்களும், இத்தனை ஆண்டு ஒழுங்காகப் பணியாற்றினார் என்பதற்கான பதக்கங்களும் உண்டு. தொழிலாகவே ராணுவத்தில் வாழ்ந்த ஒரு சிக்னல்ஸ் அதிகாரியின் மார்பில் நாம் காணும் வரிசையில் பெரும்பகுதி இந்தச் சேவைக் குடும்பத்தையும் பொதுப் பதக்கங்களையும் சேர்ந்ததாகவே இருக்கும்.

என் நண்பரின் கேள்விக்கு இங்கேதான் உயிர் வருகிறது. வீரத்தை அளக்கலாம், எதிரியின் பீரங்கி எத்தனை, இவன் தனியே நின்ற நேரம் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஒழுங்காக நடந்த வேலையை எப்படி அளப்பது?

இந்தியாவில் சிக்னல்ஸ் படை தனி உறுப்பாகத் தோன்றியது 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள். அதற்கு முன்னால் தந்திக் கம்பி இழுக்கும் வேலை, பாலம் கட்டுகிற, சுரங்கம் வெட்டுகிற 'சாப்பர்ஸ்' படையினரிடம் இருந்தது. சிக்னல்ஸ் படையின் சின்னத்தில் இருப்பவன் மெர்க்குரி. ரோமானியர்களின் தெய்வத் தூதன். கம்பி இழுப்பது, கம்பியில்லாக் கருவியை முதுகில் சுமந்து மலை ஏறுவது, ஒரு தளபதி சொன்ன சொல்லைச் சிதையாமல், பிந்தாமல், எதிரியின் காதில் விழாமல் இன்னொரு தளபதியிடம் சேர்ப்பது, இவைதாம் அவர்கள் தொழில். அந்தச் சொல்லில் ஓர் எழுத்துக்கூட அவர்களுடையது அன்று. உத்தரவு இன்னொருவருடையது, அதன்படி நடந்து வெற்றி பெறுபவரும் இன்னொருவர். நடுவில் நின்றவன் நன்றாக வேலை செய்தான் என்பதற்கு ஒரே அடையாளம், அவன் நடுவில் நின்றதே யாருக்கும் நினைவில் இல்லாமல் போவதுதான்.

இதைப் புரிந்துகொள்ள லப்பைக்குடிக்காட்டுக்காரர்கள் தொலைவு போக வேண்டியதில்லை. வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கிற ஊர் இது. ஆற்றைக் கடந்தால் திட்டக்குடி. பல தலைமுறைகளாக இந்த ஊர் ஆண்கள் கடல் கடந்து போய்ப் பிழைத்திருக்கிறார்கள். முன்பு மலேயா, சிங்கப்பூர். பிறகு அரபு நாடுகள். வீட்டில் இருந்த பெண்கள் வாழ்ந்தது பணத்தால் மட்டும் அன்று, செய்தியால். கடிதம் வந்த நாள் பெருநாள். வராத நாள் ஒரு நோய். தந்தி என்றால் பிரிக்கும் முன்பே அழுகை. அந்தக் கடிதங்களை வெயிலில் நடந்து கொண்டுவந்து கொடுத்த தபால்காரரை இந்த ஊர் எத்தனை நாள் நினைத்தது? கடிதம் வராத நாட்களில் மட்டும் நினைத்தது. "என்னப்பா, ஒழுங்காப் பார்த்தியா? எங்கேயாவது விட்டுட்டியா?" என்று கேட்டது. 2013ஆம் ஆண்டு ஜூலையில் நாட்டில் தந்திச் சேவையே நின்றபோது, அந்தக் கருவியின் முன் உட்கார்ந்து ஊர் ஊராக இழவையும் பிறப்பையும் தட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு யார் மாலை போட்டார்கள்?

அமைதிக் காலத்து ஊரிலேயே இப்படி என்றால், குண்டு விழுகிற இடத்தில் செய்தியைக் காப்பவன் நிலையை எண்ணிப் பாருங்கள். ஸ்டாலின்கிராட் போரில், 1942ஆம் ஆண்டு அக்டோபரில், மாத்வேய் புதிலோவ் என்ற சோவியத் சிக்னல் வீரன் அறுந்த தொலைபேசிக் கம்பியைச் சரிசெய்யப் போனான். குண்டுச் சிதறல் பட்டுக் கைகள் பயனற்றுப் போயின. கம்பியின் இரண்டு முனைகளையும் பல்லிடையே கவ்விக்கொண்டு உயிர்விட்டான். அவன் உடம்பு வழியே தொடர்பு மீண்டது. மறுமுனையில் பேசிய அதிகாரிக்கு அந்த நிமிஷத்தில் தெரிந்தது ஒன்றுதான்: லைன் வந்துவிட்டது. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே அவனுக்கு விருது அறிவித்தார்கள். "துப்பாக்கி பிடித்தவனுக்குத்தானே மெடல்" என்பவர்களுக்கு இந்த ஒரு மனிதனே விடையாவான். ஆனால் எல்லாச் சிக்னல் வீரர்களுக்கும் கதையாகச் சொல்லத்தக்க இப்படி ஒரு நிமிஷம் வாய்ப்பதில்லை. அதனால் இந்த விடையோடு நின்றுவிட முடியாது.

நம் நாட்டில், நம் பக்கத்திலேயே வந்து வாழ்ந்த ஓர் அதிகாரியை எடுத்துக்கொள்வோம். மேஜர் ஜெனரல் கே. கே. திவாரி, சிக்னல்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகு புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லில் வந்து தங்கினார். ஒரு சிப்பாயின் சுயதேடல் பயணம் என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் தம் வாழ்க்கையை எழுதினார். பரம விசிஷ்ட சேவா பதக்கம், அதி விசிஷ்ட சேவா பதக்கம் இரண்டும் அவர் பெயருக்குப் பின்னால் உண்டு.

1962இல் அவர் லெப்டினன்ட் கர்னல். 4ஆவது டிவிஷனின் சிக்னல்ஸ் தலைவர். சீன எல்லையில் நம்கா சூ என்ற மலையோடைக் கரையில் பிரிகேடியர் ஜான் தால்வியின் 7ஆவது பிரிகேடை நிறுத்தியிருந்தார்கள். சாலை கிடையாது. விமானத்திலிருந்து போட்ட சாமான்களில் பெரும்பகுதி பள்ளத்தாக்குகளில் விழுந்து வீணாயிற்று. குளிருக்கு உடுப்பே போதாத இடத்தில் செய்திக் கருவிகளுக்கு எங்கே போவது? டிவிஷன் சிக்னல்ஸ் தலைவர் பின்னால் தலைமையகத்திலேயே இருந்திருக்கலாம். திவாரி முன்வரிசைக்குப் போயிருந்தார். அக்டோபர் 20ஆம் நாள் விடியற்காலையில் சீனப் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. ஒரு படையணிக்கு அடுத்த படையணியின் கதி தெரியவில்லை. சில மணி நேரத்துக்குள் பிரிகேடு சிதறிற்று. திவாரி கைதியானார். 1963இல்தான் நாடு திரும்பினார்.

1971இல் அதே மனிதர் பிரிகேடியர். கல்கத்தாவில் கிழக்குப் பிராந்தியப் படையின் தலைமைச் சிக்னல்ஸ் அதிகாரி. மூன்று கோர் படைகள், ஆறுகளாலும் சதுப்புகளாலும் பின்னிக் கிடக்கும் ஒரு நாட்டுக்குள் பல திசைகளிலிருந்தும் நுழைந்தன. டிசம்பர் 3ஆம் நாள் மூண்ட போர் 16ஆம் நாள் டாக்காவில் கையெழுத்தோடு முடிந்தது. ஏறத்தாழ 93,000 பேர் கைதிகளாயினர். அத்தனை விரைவாக நகரும் படைகளோடு தொடர்பு அறாமல் பார்த்துக்கொள்வது என்றால், அவை இன்று எங்கே நிற்கும், நாளை எங்கே நிற்கும் என்று பல மாதங்களுக்கு முன்பே கணக்குப் போட்டுக் கருவியும் ஆளும் சேர்த்திருக்க வேண்டும். அந்தப் போரில் இன்னொரு நிகழ்ச்சி. டிசம்பர் 14ஆம் நாள் டாக்கா அரசினர் மாளிகையில் முக்கியமான கூட்டம் ஒன்று நடக்கப் போகிறது என்ற எதிரியின் வானொலிச் செய்தியை நம்மவர்கள் இடைமறித்துக் கேட்டார்கள். கூட்டம் நடக்கிற வேளையில் நம் விமானங்கள் அங்கே குண்டு போட்டன. கவர்னர் பதவி விலகினார். போர் நூல்களில் அந்த விமானங்களுக்கு இடம் உண்டு. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, இரைச்சலுக்கு நடுவே அந்தச் சொற்களைப் பொறுக்கியவனுக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது.

இப்போது அந்த வாழ்க்கையையும் பதக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1962இல் அவர் பட்டது பெரிது. தோல்வி, சிறை, தனிமை, திரும்பி வந்தபின் பார்க்க வேண்டிய முகங்கள். போரில் காயம்பட்டவருக்கு நம் நாட்டில் 1973இல் பராக்கிரமப் பதக்கம் என்று ஒன்று ஏற்படுத்தினார்கள். அமெரிக்கர்கள் போர்க்கைதிகளுக்கென்றே 1985இல் தனிப் பதக்கம் செய்தார்கள். நம்மிடம் கைதியாக இருந்தவனுக்கென்று பதக்கம் இல்லை. ஒரு மனிதனுடைய வாழ்க்கையிலேயே கடினமான மாதங்கள் அவன் மார்பில் இல்லை. திட்டமிட்டு, ஒழுங்காக, வெற்றியாக நடந்த ஆண்டுகள்தாம் மார்பில் இருக்கின்றன. பதக்கம் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. கொடுப்பவனுடைய கண்ணுக்கு எட்டியதை மட்டுமே அது சொல்கிறது என்கிறேன்.

கண்ணுக்கு எட்டாதது அதிகாரியின் வாழ்க்கையிலேயே இவ்வளவு என்றால், அவருக்குக் கீழே இருந்தவர்கள்? சட்டப்படி விசிஷ்ட சேவா பதக்கங்களுக்குப் பதவி பேதம் இல்லை. ஆயினும் நடைமுறையில் பரம விசிஷ்ட சேவா பதக்கம் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர்களுக்கே போய்ச் சேர்கிறது. கம்பி இழுத்தவனுக்குக் கிடைப்பது எல்லாருக்கும் பொதுவான பதக்கம்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். சிக்னல்ஸ் படையில் லைன்மேனாகச் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்கு 'மிலிட்டரி பாய்' என்றுதான் பெயர். பட்டாளத்துக் கதை சொல்லச் சொன்னால் சமையலைப் பற்றியும் குளிரைப் பற்றியும்தான் சொல்லுவார். ஒரு நாள் பதக்கத்தைப் பற்றிக் கேட்டேன்.

"லைன் நல்லா இருந்தா நாங்க உயிரோட இருக்கிறதே யாருக்கும் தெரியாது தம்பி. அறுந்தாத்தான் 'எங்கேடா அவன்'னு தேடுவாங்க" என்றார். பிறகு தாமே தொடர்ந்தார்.

"எங்க ஆபீசருக்கு ஒரு தடவை மெடல் வந்துச்சு. நல்ல மனுஷர். அன்னைக்கு ராத்திரி எங்க பாரக்குக்கு வந்தார். சட்டையிலேருந்து கழட்டி, 'இது உங்களுது, எல்லாரும் கையில வாங்கிப் பாருங்க'ன்னு கொடுத்தார். கைக்குக் கை போச்சு. ஒருத்தன் மட்டும் வாங்க மாட்டேன்னுட்டான்."

"ஏன் பாய்?"

"அவனோட கூட்டாளி லைன் பார்க்கப் போன இடத்துல பனிச்சரிவுல போயிட்டான். 'அவன் கையில கொடுங்க சாப்'னான்."

"அதிகாரி என்ன சொன்னார்?"

"என்ன சொல்லுவார்? ரொம்ப நேரம் நின்னார். மெடலைச் சட்டைப் பையிலே போட்டுக்கிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் வருஷா வருஷம் அந்தப் பையன் வீட்டுக்கு ஒரு கடுதாசி எழுதுவார்னு கேள்விப்பட்டேன்."

இதில் யார் பக்கம் நியாயம் என்று நெடுநேரம் யோசித்திருக்கிறேன். நாவல் எழுதுகிறவனுக்கு எந்தப் பாத்திரத்தின் பக்கமும் சட்டென்று சாய்ந்துவிடக் கூடாது என்ற பழக்கம் உண்டு. ஆனாலும் இங்கே ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வாங்க மறுத்த சிப்பாய் சொன்னது உண்மை. பதக்கம் கூலி அன்று. கூலி என்றால் இறந்தவனுடைய கணக்கு என்றைக்கும் தீராது. எந்த உலோகத்தைக் கொடுத்தும் அதை நேர்செய்ய முடியாது. அதிகாரி செய்ததும் சரியே. தமக்குக் கிடைத்தது தமக்கு மட்டும் உரியது அன்று என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் "இது உங்களுடையது" என்று ஒரு ராத்திரி கையில் கொடுத்து வாங்கிவிட்டால் கடன் தீர்ந்தது என்று அவர் நினைத்திருந்தால், அந்தச் சிப்பாய்தான் அவரைத் தடுத்து நிறுத்தினான். அதற்குப் பிறகு அவர் எழுதிய கடிதங்கள் எனக்குப் பதக்கத்தைவிட முக்கியமாகப் படுகின்றன.

நம் முன்னோர் இந்தக் கேள்வியை அறியாதவர்கள் அல்லர். வீரனுக்குக் கால் கழல் கொடுத்தார்கள்; படைத்தலைவனுக்கு ஏனாதி மோதிரம் கொடுத்தார்கள்; இறந்தவனுக்கு நடுகல் நட்டார்கள். செங்கம் பக்கத்தில் அந்தக் கற்கள் இன்றும் நிற்கின்றன. கழலும் மோதிரமும் மண்ணில் போயின, கல் நின்றது. கழல் வீரனுக்கு, கல் அவனைப் பார்க்க முடியாமல் பின்னால் வருகிறவர்களுக்கு. தூது சொல்பவனையும் அவர்கள் மறக்கவில்லை. வள்ளுவர் படைச்செருக்குக்கு ஓர் அதிகாரம் கொடுத்தார். தூதுக்கும் ஓர் அதிகாரம் கொடுத்தார். இரண்டிலும் பத்துப் பத்துக் குறள்தான்; ஒன்றும் கூட்டிக் குறைக்கவில்லை. தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அங்கே நெய் பூசி, பீலி சூட்டி, பளபளவென்று வைத்திருந்த ஆயுதங்களைக் கண்டு அவற்றைப் புகழ்வது போலவே புகழ்ந்து, தம் அரசனுடைய ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்ன கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பளபளப்பு வேறு, பயன்பட்டது வேறு என்பதை அதைவிட நயமாக யார் சொல்ல முடியும்?

அனுமனைப் பற்றிய நாட்டுக் கதையும் நினைவுக்கு வருகிறது. பட்டாபிஷேகத்தன்று சீதை கொடுத்த முத்துமாலையை அவன் ஒவ்வொரு முத்தாகக் கடித்து உடைத்துப் பார்த்தானாம். சபையில் இருந்தவர்கள் குரங்குப் புத்தி என்று சிரித்தார்களாம். உள்ளே ராமன் இருக்கிறானா என்று பார்க்கிறேன் என்றானாம் அவன். பக்தர்கள் இதில் பக்தியைக் காண்பார்கள். நான் ஒரு தூதனைக் காண்கிறேன். வாழ்நாள் முழுவதும் செய்தி சுமந்தவன் அவன். கையில் எது கிடைத்தாலும், இதற்குள் என்ன செய்தி இருக்கிறது என்றுதான் அவனுக்குத் தேடத் தோன்றும்.

என் நண்பருக்கு நான் சொல்லக்கூடிய விடை இதிலிருந்துதான் பிறக்கிறது. பதக்கத்தைப் பரிசு என்று எண்ணினால், "இவருக்கு எதற்கு, அவருக்கு ஏன் இல்லை" என்ற வழக்கு ஓயவே ஓயாது. கூலி என்று எண்ணினால் கணக்கு உதைக்கும். அது ஒரு செய்தி என்று எண்ணிப் பாருங்கள். "நீங்கள் செய்ததை நாங்கள் அறிவோம்" என்று ஒரு நாடு அனுப்புகிற செய்தி. எல்லாச் செய்திகளையும் போல அதுவும் பிந்தலாம், வழியில் சிதையலாம், விலாசம் தவறலாம், பாதிப் பேருக்குச் சேராமல் போகலாம். ஒரு படைப்பிரிவு முழுவதுக்கும் உரிய செய்தியைத் தனித்தனியே அனுப்ப முடியாதபோது, ஒருவர் கையில் கொடுத்து, "சேர்த்துவிடும்" என்கிறார்கள்.

சிக்னல்ஸ் அதிகாரிக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தம் கையில் வந்த செய்தி தமதல்ல, உரியவரிடம் சேரும் வரையில் அது தம் பொறுப்பு என்பதுதானே அவர் தொழிலின் முதல் பாடம்! மற்றவர்களைவிட அவருக்குத்தான் பதக்கம் அணிவது கடினமான காரியம். அதை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தால், வந்த தந்தியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்ட தபால்காரனைப் போல ஆகிவிடும். 'எனக்கு எதற்கு இது' என்று திருப்பிக் கொடுத்தாலும் சரியாகாது. விலாசதாரர்களைத் தேடிப் பார்க்காமலே 'ஆள் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பியது போல ஆகும். அணிய வேண்டும், அணிந்துகொண்டு, யாருக்காக அணிந்திருக்கிறோம் என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பெயர் சொல்ல வேண்டும், கடிதம் எழுத வேண்டும், இறந்தவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார வேண்டும். அந்த ராத்திரி பாரக்கிலிருந்து வெளியே போன அதிகாரி பிறகு ஆண்டுதோறும் செய்துவந்தது இதைத்தான்.

"இப்படிச் சொன்னால் தகுதி என்பதே இல்லாமல் போய்விடுமே, திட்டம் போட்டவனும் கம்பி சுமந்தவனும் ஒன்றா?" என்று வாசகர் கேட்கலாம். ஒன்று அல்ல. 1971இல் எந்த ஆற்றங்கரையில் எந்தக் கருவி வேண்டும் என்று பல மாதங்களுக்கு முன்பே கணித்த மூளைக்கு உரிய மதிப்பைக் குறைக்க எனக்கு உரிமை இல்லை. அந்தக் கணக்குத் தப்பியிருந்தால் ஆயிரம் லைன்மேன்கள் உயிரைக் கொடுத்தும் பயன் இருந்திராது. 1962 அதற்குச் சாட்சி. தலைவனுக்குப் பதக்கம் கொடுப்பது நியாயம். அந்தப் பதக்கம் அவரோடு நின்றுபோவதுதான் அநியாயம். தகுதி ஒருவருடையதாக இருக்கலாம். பெருமை ஒருவருடையதாக இருக்க முடியாது.

அப்படியானால் நமக்கு என்ன வேலை? பதக்கம் கொடுப்பது அரசின் காரியம். அணிவது அவர்கள் காரியம். படிப்பது நம் காரியம். ராணுவ அதிகாரியின் மார்பில் மேலான பதக்கம் முதலில் இருக்கும். பிறகு தர வரிசைப்படி மற்றவை வரும். நம் கண் முதலில் இருப்பதோடு நின்றுவிடுகிறது. சற்றே நகர்ந்து பின்வரிசைக்கும் போகட்டும். அங்கே, 1971இல் கிழக்குப் போர்முனையில் பணியாற்றிய ஒருவருடைய மார்பில், பூர்வி ஸ்டார் என்ற நட்சத்திரத்தின் நாடா இருக்கும். பார்வைக்குச் சாதாரணமானது, எல்லாருக்கும் கிடைத்தது என்று அணிந்தவரே அதைப் பற்றிப் பேசாமல் இருக்கலாம். ஜெனரலுக்கும் அதே நட்சத்திரம், சகதியில் கம்பிச் சுருளை உருட்டிக்கொண்டு போன சிப்பாய்க்கும் அதே நட்சத்திரம். அதே உலோகம், அதே நாடா. அந்த மார்பில் இருப்பவற்றில் அவர் தம்முடைய ஆட்களோடு பங்கு போட்டுக்கொண்டவற்றில் அதுவும் ஒன்று. அடுத்த முறை அப்படி ஓர் அதிகாரியைப் பார்த்தால், முதல் வரிசையை வியந்த பிறகு, அந்தக் கடைசி வரிசை நாடாவைக் காட்டி, "இது எங்கே கிடைத்தது ஐயா? உங்களோடு யார் யார் இருந்தார்கள்?" என்று கேளுங்கள். அவர் நல்ல சிக்னல்ஸ்காரராக இருந்தால் வெகுநேரம் பேசுவார்.